தலைக்கு மேல் தூறல் உள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்

ஆவரங்கோட்டை அரசு கலைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இரண்டாவது செமஸ்டர் முடிவதற்குள் தலைக்கு மேல் தூறல் விழத் தொடங்கும். ஒரு குடை அகலத்துக்கு விழும். முதலில் மூக்கு நுனி நனையும், பிறகு தோள், மூன்றாம் ஆண்டில் உட்கார்ந்திருக்கிற பெஞ்சு. இங்கிலாந்து நாட்டுப் புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் மழையும் மூடுபனியும் இருக்கின்றன. படிக்கிறவர் தலையில் அவை இறங்காமல் வேறு எங்கே போகும்? பொருளாதாரம் படிக்கிறவர்களுக்கு எதுவும் விழுவதில்லை.

இதற்காக ஆங்கிலத் துறையைப் பெரிய கட்டடத்திலிருந்து கிளப்பி, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் போட்டிருந்தார்கள். தங்கள் பதிவேடுகள் நமுத்துப்போவதாக வணிகவியல் துறை எழுதிக் கொடுத்ததாம். பதிவேடு நமுத்தால் கண்ணுக்குத் தெரிகிறது, பிள்ளைகள் தகரத்தின் கீழ் வெந்தால் தெரியவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்? படித்து முடித்துப் போகும்போது மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்ற இடத்தில், 'இடது கன்னத்தில் மச்சம், தலைக்கு மேல் தூறல்' என்று எழுதிக் கொடுப்பார்கள்.

எல்லோருக்கும் விழுந்துவிடாது. மூலப் புத்தகத்தைப் படித்தால்தான் விழும். கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் பழைய கேள்வித்தாள்களைப் பார்த்து நோட்ஸ் தயாரித்து விற்றார். எழுநூற்று நாற்பது பக்க நாவல் அதில் ஒன்பது பக்கம். அந்த ஒன்பதில் மழை கிடையாது, 'இயற்கை வர்ணனை சிறப்பாக அமைந்துள்ளது' என்று ஒரு வரி உண்டு. அதைப் படித்தவர்கள் சொட்டு நனையாமல் பட்டம் வாங்கினார்கள். முத்துப்பேச்சியின் வகுப்பில் மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். நனைந்தவள் அவள் ஒருத்திதான்.

பி.ஏ., பிறகு எம்.ஏ. என்று ஐந்து வருஷம் அவள் நனைந்தாள். வீட்டில் அதனால் சங்கடம் இருந்தது. அம்மா சுப்புத்தாய் மொட்டைமாடியில் கூழ்வத்தல் பிழிந்து காயவைத்துக் கடைகளுக்குப் போடுகிறவள். மகள் மாடிப்படியில் கால் வைத்தால் அன்றைய வத்தல் போயிற்று. ஆகவே பின்கட்டில் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு பலகையைப் போட்டு, அதுதான் உன் இடம் என்று சொல்லிவிட்டாள். தெருக்குழாயில் தண்ணீர் வராத நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர்கள் குடத்தோடு வருவார்கள். "பேச்சி, ரெண்டு பக்கம் படியேன்" என்பார்கள். அவள் புத்தகத்தைத் திறந்தால் தூறல் கனக்கும். புத்தகத்தில் எவ்வளவு பெய்கிறதோ அவ்வளவு. குடம் நிறைந்ததும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். என்ன படித்தாய் என்று ஒரு மனுஷரும் கேட்டதில்லை.

அந்த ஒன்றுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வேலை. அந்தத் தகரக் கொட்டகையில் நின்று, ஜெராக்ஸ் கடைக்காரர் ஒன்பது பக்கமாக்கிய அந்தப் பச்சை அட்டை நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தாய்மாமன் வீரணன் பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்திருப்பதால், மனிதர்களும் எங்கே போய்ச் சேருவார்கள் என்று தனக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம்.

"இங்கிலீஷ் எம்.ஏ.வுக்கு வேலைக்கா பஞ்சம்? பேங்க் இருக்கு. பத்திரிகை இருக்கு. மொழிபெயர்ப்பு இருக்கு. கம்பெனிக்காரனுக்கு விளம்பரம் எழுதிக் குடுக்கலாம். கலெக்டர் பரீட்சைகூட எழுதலாம். நீ எதுக்குத் தொட்டி மேல உக்காந்திருக்க மருமகளே?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. வேலைகள் இருந்தன. ஒவ்வொரு விளம்பரத்தின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு வரியும் இருந்தது: தலைக்கு மேல் தூறல் உள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். முத்துப்பேச்சி விண்ணப்பித்தாள். வங்கித் தேர்வில் விடைத்தாள் கரைந்து மேசையிலிருந்து வழிந்தது. கண்காணிப்பாளர் அதைத் துடைத்தெடுத்து உறையில் போட்டு ஒட்டி, 'மதிப்பெண் இல்லை' என்று எழுதினார். பத்திரிகை ஆபீசில், "நம்ம பேப்பர் தாங்காதும்மா" என்றார்கள். விளம்பரக் கம்பெனியில் அவளை வாசலோடு நிறுத்தி, கம்ப்யூட்டர்கள் அறையின் அந்தக் கோடியில் இருந்தபோதும், இந்தக் கோடிக்கு வர வேண்டாம் என்றார்கள். ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் மட்டும் உடனே வரச் சொன்னார். பந்தி நடக்கும்போது பெரிய மின்விசிறிக்கு முன்னால் நின்றால் போதும், விருந்தாளிகளுக்குச் சில்லென்று இருக்கும் என்றார். முத்துப்பேச்சி செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

அவளோடு படித்த முப்பத்தேழு பேரில் முக்கால்வாசிப் பேருக்கு ஏதோ ஒரு நாற்காலி கிடைத்திருந்தது. ஒருவன் பத்திரிகையில் புத்தக மதிப்புரை எழுதினான். ஐந்து வருஷத்தில் அவன் ஒரு புத்தகத்தையும் திறந்து பார்த்தவனில்லை. அதனால்தான் அவன் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது, அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள். நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது. வயிறு எரிந்தாலும் தலை நனைந்துகொண்டுதான் இருந்தது.

அந்தச் சித்திரையில் ஆங்கிலத் துறையில் கௌரவ விரிவுரையாளர் இடம் ஒன்று காலியானது. துறைத்தலைவர் செல்லத்துரைக்கும் ஒரு காலத்தில் தூறல் இருந்தது. பதவி உயர்வு வந்த வருஷம் நின்றுவிட்டது. "நீ போடும்மா, பாத்துக்கலாம்" என்றார் அவர். விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்து இருந்ததை அவரும் பார்த்தார், அவளும் பார்த்தாள்.

நேர்காணலில் மூன்று பேர். நடுவில் கல்லூரி முதல்வர், ஒரு பக்கம் செல்லத்துரை, மறுபக்கம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர். முத்துப்பேச்சியை ஒரு பிளாஸ்டிக் அண்டாவுக்குள் நிற்க வைத்துத்தான் பேசினார்கள். நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு விழும் என்று பெரியவர் கேட்டார். கரும்பலகையிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்பாய், வருகைப் பதிவேட்டை யார் பிடித்துக்கொள்வார்கள் என்று முதல்வர் கேட்டார். செல்லத்துரை தன் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த நாவலைப் பத்திக் கேளுங்க" என்றாள் முத்துப்பேச்சி.

"அதெல்லாம் சிலபஸ்லயே இருக்கும்மா" என்றார் முதல்வர்.

அடுத்து உள்ளே போன விண்ணரசி மூன்று நிமிஷத்தில் பணி ஆணையோடு வெளியே வந்தாள். அவளும் அதே வகுப்புதான், கெட்டவள் இல்லை. தன் கைக்குட்டையை முத்துப்பேச்சியிடம் கொடுத்துவிட்டுச் சற்று நேரம் கூடவே நின்றாள்.

"திங்கக்கெழமை அந்த நாவலைத்தான் ஆரம்பிக்கணுமாம். நான் அதைப் பார்த்ததுகூட இல்லடி. அட்டை என்ன கலரு?"

"பச்சை" என்றாள் முத்துப்பேச்சி.

பத்து நாள் கழித்து நீர்வளத் துறையிலிருந்து ஒரு தபால் வந்தது. ஆவரங்கோட்டைப் பெரிய கண்மாய் ஆறு வருஷமாகக் காய்ந்து, கருவேலம் மண்டிக் கிடந்தது. மாற்றுச் சான்றிதழில் இருந்த அங்க அடையாளத்தைப் பார்த்து, அங்கே 'படிப்பவர்' என்ற தற்காலிகப் பணியிடத்தில் அவளை நியமித்திருந்தார்கள். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை கண்மாயின் நடுவில் உட்கார்ந்து படிக்க வேண்டும். நான்கு சுவருக்குள் படித்தால் குடை அளவுதான் பெய்யும், வெட்டவெளியில் உரக்கப் படித்தால் வானம் தாராளமாக இடம் கொடுக்கும் என்று துறையில் யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள்.

"போடி, கவர்மெண்டு வேலை" என்றாள் சுப்புத்தாய். கொஞ்ச நேரம் மாவைக் கிண்டினாள். பிறகு, "எம்.ஏ. படிச்சவளக் கொண்டுபோயிக் கருவேலங்காட்டுல உக்கார வைக்கிறானுகளே, இவனுக வெளங்குவானுகளா" என்றாள்.

முத்துப்பேச்சி அந்தப் பச்சை அட்டை நாவலின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் பல தரம் படித்து நிதானமாகப் போனாள். கடற்கரையோரம் ஒரு பெரிய வீடு. கப்பல் தலைவன் ஒருவன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவன் மனைவியும் அவள் தங்கையும் மட்டும் வீட்டில் இருக்கிறார்கள். வீட்டை அவர்களுக்கு எழுதிவைத்த உயிலை அவன் தம்பி ஒளித்துவைத்துவிட்டு, இருவரையும் வெளியேறச் சொல்கிறான். முதல் இரண்டு பக்கம் நல்ல மழை. கண்மாயில் கணுக்கால் நனைகிற அளவுக்குச் சேறானது. மூன்றாம் பக்கத்தில் அக்காவும் தங்கையும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேச உட்கார்ந்தார்கள். மழை நின்றுவிட்டது. அவளுடைய வழக்கமான தூறல் மட்டும் நாற்காலியைச் சுற்றி ஒரு முழம் நனைத்ததோடு சரி.

மூன்றாம் நாள் உதவிப் பொறியாளர் சிதம்பரநாதன் பைக்கில் வந்து சேர்ந்தார். கையில் ஒரு பட்டியல் இருந்தது.

"முப்பத்திரெண்டாம் பக்கத்துல கனமழை இருக்கு. அறுபத்தேழுல இடியோட இருக்கு. நீங்க ஒம்பதாம் பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க."

"வரிசையாத்தான் சார் போகணும்."

"மழை இருக்கிற பக்கத்தை மட்டும் படிங்க. மத்தது எதுக்கு?"

ஒன்பது பக்கமாக்கி விற்ற ஜெராக்ஸ் கடைக்காரர் எவ்வளவோ தேவலை என்று முத்துப்பேச்சிக்குத் தோன்றியது. அவராவது எல்லா அத்தியாயத்திலும் ஒரு வாய் கிள்ளி வைத்திருந்தார். "ரெண்டு பொண்ணுங்க போக்கிடம் இல்லாம உக்காந்து பேசுறாங்க சார். அதைக் கேக்காம வெளியில எவ்வளவு பேஞ்சு என்ன?" என்றாள்.

"பயிருக்கு அது தேவையில்லைங்க" என்று அவர் பைக்கை உதைத்தார்.

மறுநாள் மெமோ வந்தது: அறைக்குள் நடைபெறும் உரையாடல்களைத் தவிர்க்கவும். அதன் பின்புறத்திலேயே 'இயலாது' என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினாள். கையெழுத்து கரைந்தாலும் 'இயலாது' கரையவில்லை. பதினோரு நாள் அவள் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. கண்மாயின் சேறு காய்ந்து வெடித்தது.

பன்னிரண்டாம் நாள் பாசனக்காரர்கள் திரண்டு வந்தார்கள். கண்மாய்க்குக் கீழே இரண்டு ஏக்கர் மிளகாய் போடுகிற அங்கம்மா முன்னால் நின்றாள். சண்டை போடத்தான் வந்திருந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள்.

"ஏ தாயி, மழை எங்க?"

"ரெண்டு பேரும் உள்ள பேசிக்கிட்டு இருக்காங்க. முடிச்சுட்டு வெளியில வருவாங்க."

"அப்படி என்னத்தத்தான் பேசுறாக?"

இத்தனை வருஷம் கழித்து அந்தக் கேள்வி வந்தது. முத்துப்பேச்சி நாற்காலியை அங்கம்மா பக்கம் திருப்பினாள். புத்தகத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டு, அக்கா என்ன சொன்னாள், தங்கை என்ன சொன்னாள் என்று முதலிலிருந்து தமிழில் சொன்னாள். அங்கம்மா இடுப்புத் தலைப்பை எடுத்துவிட்டு ஒரு கருவேலந்தூரில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். சாயங்காலம் எழுந்தபோது ஒருவரும் மழையைப் பற்றிப் பேசவில்லை.

"அந்தக் கொழுந்தன் பயல நிக்க வச்சுத் தோலை உரிக்கணும். எங்க ஊர்லயும் ஒருத்தன் இருக்கான்" என்றாள் அங்கம்மா. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் தரையைப் பார்த்துக் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளிலிருந்து காலையிலேயே வந்துவிட்டார்கள். ஒரு வரி ஆங்கிலத்தில் படிப்பாள், பிறகு அதைத் தமிழில் சொல்வாள். நியாயம் கேட்பார்கள், திட்டுவார்கள், இன்னொரு தரம் சொல்லச் சொல்வார்கள். முப்பத்திரண்டாம் பக்கத்தில் அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கண்மாயில் கொட்டு கொட்டென்று கொட்டியது. இருநூறாம் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. நாற்காலியைக் கரைக்கு மாற்றினார்கள். ஐநூறாம் பக்கத்தில் கருவேலமெல்லாம் மூழ்கிற்று. சிதம்பரநாதன் அளவுகோலைப் பார்க்க என்று தினமும் வந்து, பைக்கை அணைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

எழுநூற்று முப்பதாம் பக்கத்தில் கண்மாய் நிறைந்தது. சிதம்பரநாதன் பைக்கிலிருந்து இறங்கி வந்து ஓர் ஆணையை நீட்டினார். முழுக் கொள்ளளவு எட்டப்பட்டதால் படிப்பவர் பணி முடிவடைகிறது, புத்தகத்தை மூடவும் என்றிருந்தது.

"இன்னும் பத்தே பக்கம் சார்."

"அந்தப் பத்துல மழை இருக்கா?"

"புயல் இருக்கு."

"அப்ப கரை தாங்காது."

அங்கம்மா எழுந்து வந்தாள். "அக்காகாரி அந்தப் பயல என்ன செஞ்சானு தெரியாம நாங்க எப்பிடிய்யா போயி நாத்துப் பாவுறது? கலுங்கைத் தொறந்து விடு. மிச்சத் தண்ணி அது பாட்டுக்குப் போகட்டும்."

சிதம்பரநாதன் யோசித்தார். ஆணையைக் கொடுக்க வேண்டும் என்பது விதி, கொடுத்தாயிற்று. கொடுத்த பிறகு எங்கே உட்கார வேண்டும் என்று விதியில் ஒன்றுமில்லை. அவர் கலுங்குப் பலகைகளை எடுக்கச் சொல்லிவிட்டு அங்கம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முத்துப்பேச்சி பத்துப் பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள்.

கலுங்கைத் தாண்டிய தண்ணீர் தன் பழைய ஓடையைத் தேடிப் போனது. ஆவரங்கோட்டை அரசு கலைக் கல்லூரி அந்த ஓடையில்தான் கட்டப்பட்டிருந்தது. கட்டும்போது ஓடையை யாரும் கேட்கவில்லை, ஆகவே தண்ணீரும் யாரையும் கேட்கவில்லை. முதலில் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தது, பிறகு வணிகவியல் துறை, பிறகு முதல்வர் அறை. முழங்கால் அளவுக்கு நின்றது. வகுப்புகள் வழக்கம்போல நடந்தன.

அந்த மாதக் கடைசியில் விண்ணரசிக்கு வங்கியில் வேலை கிடைத்தது. விரிவுரையாளர் இடம் மறுபடியும் காலியானது. கண்மாய் வேலை முடிந்து தொட்டி மேல் உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சி மறுபடியும் விண்ணப்பித்தாள். நாற்பது பேருக்கு நாவலை முழுசாகச் சொன்ன அனுபவம் இப்போது அவளுக்கு இருந்தது. அதையும் எழுதியிருந்தாள்.

அதே மூன்று பேர், அதே மேசை. வேட்டியையும் பேண்டையும் மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் காலை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அண்டா மிதந்ததால் அவளை நேராகவே நிற்கச் சொன்னார்கள். நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு என்று பெரியவர் கேட்டார். போன தடவையைவிடக் கூடியிருந்தது. விதிப்படி இயலாது என்று எழுதிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

அடுத்த விண்ணப்பதாரர் தண்ணீர். முன்பே அறையில் இருந்ததால் உள்ளே அழைக்க வேண்டியிருக்கவில்லை. விண்ணப்பத்தில் எல்லாக் கட்டங்களும் பூர்த்தியாகியிருந்தன. அனுபவம் என்ற இடத்தில் 'பெரிய கண்மாயில் முழு நாவலையும் நேரில் கேட்டது' என்றிருந்தது. தலைக்கு மேல் தூறல் உண்டா என்று பெரியவர் அண்ணாந்து பார்த்தார். மேலே உலர்ந்த சீலிங்தான் இருந்தது. தகுதி உண்டு என்று குறித்தார்.

செல்லத்துரை பேனாவை மேசையில் வைத்தார்.

"சரி, அந்த நாவலைப் பத்திச் சொல்லுங்க. அதுல என்ன நடக்குது?" என்று கேட்டார்.

வெளியே வராந்தாவில் நின்ற முத்துப்பேச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவள் ஐந்து வருஷம் நனைந்ததே அதற்காகத்தான். காது வரை கொதித்தது.

தண்ணீர் கடற்கரையோர வீட்டிலிருந்து தொடங்கியது. அவசரப்படாமல், ஒரு பக்கத்தையும் தாண்டாமல், அறைக்குள் நடந்த பேச்சையும் விடாமல் சொன்னது. அங்கம்மா திட்டிய இடங்களில் அங்கம்மாவின் குரலிலேயே திட்டியது. மூன்று மணி நேரம் ஆயிற்று. நடுவில் டீ வந்தது. மூன்று பேரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். நன்றாகத்தான் சொல்கிறது என்று முத்துப்பேச்சிக்கே தெரிந்தது, அதனால் கோபம் இன்னும் ஏறியது.

"கடைசியில் கொழுந்தன் வாசலில் வந்து கையேந்தி நிற்கிறான். அக்கா அவனை மன்னித்துவிடுகிறாள்" என்று தண்ணீர் முடித்தது.

"மன்னிக்கலை" என்றாள் முத்துப்பேச்சி ஜன்னல் வழியாக. "அவன் முகத்துல அடிச்ச மாதிரி கதவைச் சாத்துறா. ஒரு வார்த்தை பேசலை. எழுநூத்து முப்பத்தொம்பதாம் பக்கம்."

"திருத்தத்துக்கு நன்றி, டீச்சர்" என்று சொல்லித் தண்ணீர் அதைக் குறித்துக்கொண்டது.

முதல்வர் பணி ஆணையை மேசையில் பரப்பினார். வெளியே இருப்பவர்கள் பேசக் கூடாது என்றார். தூறல் உள்ளே அடிக்கிறது, யாராவது ஜன்னலைச் சாத்துங்கள் என்றார். தண்ணீர் ஆணையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தானே எழுந்து வந்து சாத்தியது.